மாமூல் என்ற சொல்லில் நான் செய்த பிழை: சென்னைப் பேச்சுச் சொற்களைத் தொகுத்த அனுபவம்

2013ஆம் ஆண்டில், வடசென்னைக் கடலோரக் குடியிருப்புகளில் பதிவு செய்யப்பட்ட முதியோர் நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் வேலை எனக்குக் கிடைத்தது. ஒலிப்பதிவில் உள்ளதை உள்ளபடியே தாளின் இடப்பக்கத்தில் எழுதி, அதன் பொருளைப் பொதுத்தமிழில் வலப்பக்கத்தில் எழுத வேண்டும். நான் திருநெல்வேலிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்து, தமிழ் இலக்கியத்தில் முதுகலை முடித்து, சென்னைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. தமிழில் பேசியதைத் தமிழில் எழுதுவதில் இடர் ஏதும் இருக்காது என்று நம்பித்தான் வேலையை ஏற்றுக்கொண்டேன்.

முதல் மாதத்திலேயே பிழை செய்தேன். காசிமேட்டைச் சேர்ந்த, எழுபது வயதைக் கடந்த மீனவர் ஒருவர், தம் இளமையில் கட்டுமரம் கரையேறியதும் நடந்தவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார். "பாடு நல்லா இருந்துச்சுன்னா ஊருக்குன்னு ஒரு பங்கு மாமூலா குட்த்துடுவோம், அப்பால தான் ஏலம்" என்றார். நான் வலப்பக்கத்தில், "மீன் நன்றாகக் கிடைத்தால் ஊர்த் தலைமைக்கு ஒரு பங்கை லஞ்சமாகக் கொடுத்துவிடுவோம்" என்று எழுதினேன். எழுதியதைப் பேசியவர் வீட்டில் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுவது எங்கள் வழக்கம். படித்தபோது பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய பேத்திதான், "அக்கா, எங்க தாத்தா லஞ்சம் குடுத்தேன்னு சொல்லவே இல்லையே, கோயில் திருவிழாவுக்கும் ஆம்பள இல்லாத வூட்டுக்கும் எடுத்து வெக்கிற பங்கு அது" என்றாள். ஒரு மனிதர் பெருமையோடு சொன்ன ஊர்க்கடமையை நான் குற்றமாக்கி எழுதியிருந்தேன். மன்னிப்புக் கேட்டு, அந்தத் தாளைத் திருத்தி மறுவாரம் எடுத்துச் சென்றேன். ஆயினும் அன்று அவர் முகம் மாறியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. பேச்சுச் சொற்களுக்கென்று தனி நோட்டு ஒன்றை வாங்கியது அன்று மாலைதான்.

மாமூல் அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்த சொல். செயலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்தது. "நடைமுறையில் இருந்து வருவது, வழக்கமானது" என்பது அதன் பொருள். சட்டம் "அமலுக்கு வந்தது" என்று நாளிதழ்கள் எழுதும்போது வரும் "அமல்" அதே வேரில் பிறந்த உடன்பிறப்பு. ஆட்சி அலுவலகங்களில், எழுதி வைக்காவிட்டாலும் காலங்காலமாகக் கொடுத்து வருகிற பங்கு, படி, சலுகை ஆகிய அனைத்தும் மாமூல் என்ற தலைப்பில் அடங்கின. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கில-இந்தியச் சொல்லகராதியும் அதை வழக்கம் என்றே பொருள்படுத்துகிறது. வழக்கமாகக் கொடுக்கும் பணம், கேட்டு வாங்கும் பணமாக மாறியபோது, சொல்லும் அதனோடு சேர்ந்து கறைபட்டது. எனினும் பழைய பொருள் இறந்துவிடவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு "மாமூல் வாழ்க்கை திரும்பியது" என்று எழுதுகிறோம். அங்கே யாரும் கையூட்டை நினைப்பதில்லை. ஒரே சொல்லின் இரண்டு பொருள்களும் ஒரே நாளிதழின் ஒரே பக்கத்தில் வாழ்கின்றன. காசிமேட்டுப் பெரியவர் முதற்பொருளில் பேசினார். எனக்கு இரண்டாம் பொருள் மட்டுமே காதில் விழுந்தது.

இந்தப் பிழையிலிருந்து நான் கற்ற முதற்பாடம், ஒரு பேச்சுச் சொல்லைக் கேட்டவுடன் "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்கக் கூடாது என்பது. அப்படிக் கேட்டால், எதிரில் இருப்பவர் படித்தவருக்கு ஏற்ற விடை ஒன்றைத் தேடிப் பிடித்துத் தருகிறார். அல்லது நம்மைப் பரிசோதகராக எண்ணித் தயங்குகிறார். "இந்தச் சொல்லை வைத்து நேற்று யாரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டால் முழு வாக்கியம் கிடைக்கிறது; வாக்கியத்துக்குள் பொருள் தானாகவே உட்கார்ந்திருக்கிறது. என் நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து கட்டங்கள் போட்டேன். கேட்ட வாக்கியம் ஒன்று, பேசியவரின் வயதும் தெருவும் ஒன்று, யாரிடம் எந்தத் தொனியில் பேசினார் என்பது ஒன்று, இன்னும் இருவரிடமாவது கேட்டு உறுதி செய்த பொருள் ஒன்று, பிறப்பு கடைசியில். பிறப்பைக் கடைசிக் கட்டத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. வேர் தெரிந்த மகிழ்ச்சியில் பொருளை வளைத்துவிடும் பழக்கம், இலக்கணம் படித்த எங்களைப் போன்றவர்களிடம் மிகுதி.

பேஜார் என்ற சொல் இதை எனக்கு நன்றாக உணர்த்தியது. பாரசீகத்தில் "பேசார்" என்றால் சலித்துப்போனவர், வெறுத்துப்போனவர். சென்னையில் இளைஞர்கள் "பேஜாரு பண்ணாத" என்றால் தொல்லை கொடுக்காதே என்று பொருள். நான் அகராதியைப் பார்த்துவிட்டு, பாரசீகப் பொருள் இங்கே முற்றிலும் மறைந்துவிட்டது என்று குறித்து வைத்தேன். சில மாதங்கள் கழித்து, இராயபுரத்தில் நோயுற்றுக் கிடந்த பாட்டி ஒருவர், "மன்சே பேஜாரா கீது கண்ணு" என்றார். அவருக்கு யாரும் தொல்லை கொடுக்கவில்லை. வாழ்க்கையில் சலிப்புத் தட்டிவிட்டது என்றுதான் சொன்னார். பாரசீகத்தின் பழம்பொருள் அந்தப் பாட்டியின் நாவில் அப்படியே இருந்தது. வயதைக் குறித்து வைக்கும் கட்டம் எவ்வளவு தேவையானது என்பதை அன்று அறிந்துகொண்டேன். பழைய குறிப்பை அடிக்காமல் விட்டு, பக்கத்திலேயே பாட்டியின் வாக்கியத்தை எழுதினேன்.

"கீது" என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். "இருக்கிறது" என்பதன் முற்பகுதி தேய்ந்து "கீறது" ஆகி, பின்பு "கீது" ஆயிற்று. "கொண்டு" என்பது மற்ற ஊர்களில் "கிட்டு" ஆனது போல இங்கே "கினு" ஆயிற்று. "வந்துகினு கீறான்" என்பது "வந்துகொண்டு இருக்கிறான்" என்பதன் நேர்வாரிசு. "இழுத்து" என்பது "இஸ்து" ஆகும். குழந்தை "கொயந்தெ" ஆகும். கழுதை "கய்தே" ஆகும். இவற்றைக் கொச்சை என்று தள்ளுகிறவர்கள், தம் வீட்டில் "வந்துட்டு இருக்கான்" என்று பேசுவதும் அதே வகைத் தேய்மானம்தான் என்பதை ஒரு நொடி எண்ணிப் பார்க்கலாம். ஒலி மாற்றத்துக்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைத் தெரிந்துகொண்டால், வேற்றுமொழிச் சொல் போலத் தோன்றும் பாதிச் சொற்கள் நல்ல தமிழாகவே வெளிப்பட்டுவிடும். "குந்து கண்ணு" என்று ஒரு வீட்டில் பாய் விரித்தபோது, மரியாதையற்ற சொல்லோ என்று எனக்குத் தோன்றியது. குந்துதல் என்பது அகராதிகளில் இடம்பெற்ற பழைய தமிழ் வினை. "நாஷ்டா துன்னியா?" என்று கேட்ட அடுத்த வீட்டு அம்மாவின் மீதும் முதல் வாரத்தில் மனம் கோணியது. எங்கள் ஊரில் முறுக்கையும் அதிரசத்தையும்தான் தின்போம்; சோற்றைச் சாப்பிடுவோம். அந்த அம்மாவோ, கேட்டதோடு நில்லாமல் இரண்டு இட்லியையும் கொண்டுவந்து வைத்தார். நாஷ்டா என்ற பாரசீகச் சொல் முதலில் வெறும் வயிற்றைக் குறித்தது. அந்த வெறும் வயிற்றில் உண்பதற்குப் பின்னர் பெயராயிற்று.

இப்படி எழுதி வரும்போதே, நான் எதிர்பார்க்காத ஓர் ஒழுங்கு நோட்டில் தெரியத் தொடங்கியது. தெருச் சண்டையில் பறக்கும் சொற்களில் பல, தெருவில் பிறந்தவை அல்ல. அரண்மனையிலும் வருவாய் அலுவலகத்திலும் வேத நூல்களிலும் பிறந்து, அங்கிருந்து தெருவுக்கு இறங்கி வந்தவை. "சேரித் தமிழ்" என்று இகழ்கிற பலருக்கு இது தெரியாது. எனக்கும் அதுவரை தெரியவில்லை.

புறம்போக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். "பொறம்போக்கு" என்று ஒருவரைத் திட்டினால், எதற்கும் உதவாதவன், கேட்பார் அற்றவன் என்று பொருள். இது வருவாய்த் துறையின் சொல். பட்டா கொடுத்து வரி விதிக்கும் நிலங்களின் கணக்குக்குப் புறத்தே போனது எதுவோ, அது புறம்போக்கு. அந்தக் கணக்கில் எவையெல்லாம் அடங்கின என்று பார்த்தால் மனம் கனக்கிறது: ஏரி, குளம், ஓடை, மேய்ச்சல் நிலம், வண்டிப்பாதை, களம், சுடுகாடு. ஊரார் அனைவருக்கும் சொந்தமான, ஊர் உயிர் வாழ்வதற்கு அடிப்படையான இடங்கள் அவை. வரி தராத காரணத்தால் அரசின் ஏட்டில் புறத்தே தள்ளப்பட்டன. ஏட்டின் பார்வை மெல்ல மெல்ல மக்களின் வாய்க்கும் வந்து, பொதுவானது என்ற பொருள் பயனற்றது என்று ஆகிவிட்டது. ஏரிப் புறம்போக்கில் கட்டடம் எழும்போது பலருக்கு உறுத்தாமல் போவதில் இந்தச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை வசைச்சொல்லாகச் சொல்ல இப்போது என் நா எழுவதில்லை.

ஆசாமியும் அப்படி வந்ததுதான். பெயர் என்று பொருள்படும் அரபுச் சொல்லின் பன்மை அது. வரிப் பட்டியலில் உள்ள பெயர்கள் என்று வழங்கி, பிறகு குடியானவர் ஒருவரைக் குறித்து, இன்று "யாரோ ஓர் ஆசாமி" என்ற சிறு அலட்சியத்தில் வந்து நிற்கிறது. சால்ஜாப்பு என்பது "சவால்-ஜவாப்", அதாவது கேள்வியும் பதிலும். மேலதிகாரி விளக்கம் கேட்க, கீழிருப்பவர் பதில் சொல்லும் அலுவலக நடைமுறையை நினைத்துக்கொண்டால், அது நொண்டிச்சாக்கு என்ற பொருளுக்கு வந்த பாதை விளங்கும். பாக்கி, வசூல், ஜப்தி ஆகியவை இன்னும் அலுவலகத்திலேயே இருக்கின்றன. அதனால் அவற்றை யாரும் கொச்சை என்பதில்லை.

வசைகளில் மிகவும் பெயர்பெற்ற மூன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. "பேமானி" என்பதில் உள்ள "ஈமான்" இறைநம்பிக்கையைக் குறிக்கும் அரபுச் சொல். "பே" என்பது இன்மையைக் காட்டும் பாரசீக முன்னொட்டு. நம்பிக்கையற்றவன், நேர்மையற்றவன் என்பது பொருள். மீன் சந்தையில் எடையில் ஏமாற்றியவரைப் பார்த்து ஒரு பெண் அதைச் சொல்லக் கேட்டேன். வேருக்கும் பயன்பாட்டுக்கும் அங்கே இம்மியும் இடைவெளி இல்லை. "கலீஜ்" என்பது உருதுவின் "கலீஸ்". அழுக்கானது என்பது பொருள். "கஸ்மாலம்" என்பதோ வடமொழியின் "கச்மலம்". பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் சுலோகத்தில், போர்க்களத்தில் கலங்கி நின்ற அருச்சுனனிடம், இந்தக் கச்மலம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று கண்ணன் கேட்கிறான். அங்கே அது மனத்தைப் பற்றிய மாசு. குழாயடியில் கேட்கும்போது அது ஆளைக் குறிக்கிறது. ஒரு முறை, கீதை படித்துப் பழகிய முதியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் வருந்தினார்; புனித நூலின் சொல்லை வீதிக்கு இழுக்கலாமா என்றார். நான் இழுக்கவில்லை, சொல் தானாகவே நடந்து சென்றது என்று சொல்லி, கேட்ட வாக்கியங்களைக் காட்டினேன். அரை மணி நேரம் அந்த நோட்டைத் தம் கையிலேயே வைத்துப் படித்தார்.

சென்னையில் இத்தனை மொழிகள் கலந்ததற்குக் காரணம் ஊரின் பிறப்பிலேயே இருக்கிறது. 1639இல் ஆங்கிலேயர் இங்கே நிலம் பெற்ற காலத்திலேயே தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அக்கம்பக்கத்தில் வாழ்ந்தார்கள். 1768இல் சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் அரண்மனை எழுந்தபோது, பாரசீகமும் உருதுவும் திருவல்லிக்கேணித் தெருக்கள் வரை வந்தன. 1953இல் ஆந்திரம் பிரியும் வரை தெலுங்கு மாவட்டங்களுக்கும் இதுவே தலைநகர். தந்தையை "நைனா" என்பதும், பணத்தை "டப்பு" என்பதும், உதவாக்கரையை "சோமாரி" என்பதும் தெலுங்கு வழி வந்தவை. தெலுங்கில் சோமரி என்றால் சோம்பேறி.

பிறப்பைத் தேடுவதில் எனக்கு வழிகாட்டியவை, யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கக்கூடிய சில அகராதிகள். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும், 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் உள்ளன. பேரகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் அது வந்த மொழியைச் சுருக்கக் குறியால் காட்டியிருப்பார்கள். அந்தக் குறிகளின் விளக்கத்தை முன்னுரைப் பகுதியில் ஒரு முறை படித்து வைத்துக்கொண்டால் பல மணி நேரம் மிச்சமாகும். கிரந்த எழுத்துள்ள சொல் கிடைக்காவிட்டால் ஜகரத்தையும் ஸகரத்தையும் சகரமாக்கித் தேட வேண்டும். இதை அறியாமல், அகராதியில் இல்லை என்று முடிவு கட்டி நான் தவறவிட்ட சொற்கள் பல. வருவாய்த் துறைச் சொற்களுக்கு, 1855இல் எச். எச். வில்சன் வெளியிட்ட நீதி, வருவாய்ச் சொற்களின் தொகுப்பைப் போல உதவும் நூல் வேறில்லை.

அடுத்து நான் சொல்ல வேண்டியது கதைகளைப் பற்றி. பேச்சுச் சொற்களின் பிறப்பைப் பற்றிச் சுவையான கதைகள் ஏராளம் உலவுகின்றன. விளையாட்டிலிருந்து சற்று விலகிக்கொள்ளப் பிள்ளைகள் சொல்லும் "அம்பேல்" என்பது, "ஐ ஆம் ஆன் பெயில்" என்ற ஆங்கில வாக்கியத்தின் திரிபு என்பது அவற்றில் ஒன்று. இலவசத்தைக் குறிக்கும் "ஓசி" என்பது, கம்பெனி ஆட்சியில் அஞ்சல் கட்டணம் இல்லாமல் சென்ற கடிதங்களில் இட்ட எழுத்துச் சுருக்கம் என்பது இன்னொன்று. தொடக்கத்தில் நானும் இவற்றை நம்பி, ஒரு சிறு கட்டுரையில் உண்மை போலவே எழுதிவிட்டேன். கட்டுரையைப் படித்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கடிந்துகொள்ளாமல் மூன்றே கேள்விகளை எழுதி அனுப்பினார்: அந்தச் சொல் அந்தப் பொருளில் முதன்முதலாக எந்த ஆண்டில் அச்சில் வந்தது, இடைப்பட்ட ஒலிவடிவம் எங்கேனும் பதிவாகியுள்ளதா, நீதிமன்றமோ அஞ்சலகமோ அறியாத சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேர்ந்தது. ஒன்றுக்கும் என்னிடம் விடை இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அந்த மூன்று கேள்விகளையும் என் நோட்டின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். கதை எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு ஐயம் கொள்ள வேண்டும் என்பதே என் பட்டறிவு. குறிப்பாக எழுத்துச் சுருக்கத்திலிருந்து சொல் பிறந்ததாகச் சொல்லும் கதைகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. எழுத்துச் சுருக்கங்கள் பேச்சுச் சொற்களாக மாறுவது உலக மொழிகளில் 20ஆம் நூற்றாண்டுக்கு முன் மிக அரிது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. துட்டு என்ற சொல், டச்சுக்காரர்களின் "டாய்ட்" என்ற செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்பர். டச்சுக்காரர்கள் 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டையும் வணிகமும் வைத்திருந்தவர்கள். அவர்களுடைய கம்பெனி முத்திரையிட்ட செப்புக்காசுகள் கீழைநாடுகளில் புழங்கின. இந்தக் கதைக்கு இடமும் காலமும் பொருளும் பொருந்துகின்றன. ஆனால் கன்னடத்திலும் தெலுங்கிலும் "துட்டு" போன்ற ஒலியுடன் காசைக் குறிக்கும் சொல் ஊன்றி வழங்குவதால், அவற்றிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. இப்படிப்பட்ட இடத்தில் நான் இரண்டையும் எழுதி, இரண்டுக்கும் உரிய சான்றை அருகில் குறிக்கிறேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அகராதி எழுதுகிறவருக்கு இல்லை.

வேர் தெரிந்தாலும் வழக்கில் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதற்கு, தமிழ்ச் சொல்லான மொக்கையே போதும். மொக்கைக் கத்தி, மொக்கைப் பென்சில் என்று கூர் மழுங்கியதைச் சொல்லி வந்தோம். கூரற்ற நகைச்சுவை மொக்கை ஆயிற்று. சுவையற்ற பேச்சு மொக்கை ஆயிற்று. இப்போது அப்படிப் பேசுவதையே "மொக்கை போடுதல்" என்கிறார்கள். பென்சிலிலிருந்து பேச்சு வரை ஒரு கண்ணியும் அறுபடவில்லை. "சாவுகிராக்கி" என்பதில் உள்ள கிராக்கி, வாங்குபவரைக் குறிக்கும் வடமொழி "கிராஹக" என்பதோடு உறவுடையது. எழுத்துத்தமிழில் கிராக்கி என்றால் பொருளுக்கு உள்ள தேவை. காய்கறிச் சந்தையில் "காலைலேந்து ஒரு கிராக்கி கூட வர்ல" என்றால் வாடிக்கையாளர். கூலி பேசிச் சவாரி ஏற்றுகிறவர்களின் வாயில், குறுக்கே வந்து உயிரை விடப் பார்ப்பவர் சாவுகிராக்கி ஆனார். எரிச்சலோடு சொல்லப்பட்டாலும், சவாரி கிடைக்காத ஒரு தொழிலாளியின் உலகம் முழுவதும் அந்த ஒரு கூட்டுச்சொல்லில் இருக்கிறது.

தொழிலுக்கென்றே தனிச்சொல் பிறப்பதை நம் இலக்கணிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் பவணந்தி முனிவர், நன்னூலில் குழூஉக்குறி என்று ஒரு வகையே வகுத்தார். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பதும், யானைப்பாகர் ஆடையைக் "காரை" என்பதும் உரைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள். இவற்றை அவர் இழிவழக்கு என்று ஒதுக்கவில்லை. இடத்துக்குத் தகுந்த சொல்லாட்சியைக் குறிக்கும் தகுதி வழக்கு என்ற தலைப்பின்கீழ் வைத்தார். முதுகலை வகுப்பில் இதை மனப்பாடம் செய்து தேர்வெழுதிய நான், அதற்கு உயிருள்ள சான்று காசிமேட்டு ஏலக்கூடத்தில் நாள்தோறும் ஒலிக்கிறது என்று ஒரு முறையும் எண்ணியதில்லை.

இன்னும் ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். இது சொல்லைத் தொகுக்கிற எவருக்கும் நேரக்கூடியது. இரண்டாம் ஆண்டில், ஓரளவு பேச்சு பழகிவிட்ட துணிவில், அதே மீனவப் பெரியவரைப் பார்த்து "இன்னா நைனா, நல்லா கீறியா?" என்று கேட்டேன். உறவு கொண்டாடுவதாகத்தான் என் மனத்தில் எண்ணம். அவர் சிரிக்கவில்லை. "நீ உன் பேச்சையே பேசு தாயி" என்றார். திரைப்படங்களில் பல ஆண்டுகளாக இந்தப் பேச்சு நகைப்புக்கே பயன்பட்டு வந்தது; வெளியாள் வாயில் அது ஒலிக்கும்போது, உரிமையை விடக் கேலியே அவர்கள் காதில் முதலில் விழுகிறது. அத்துடன், "நைனா" என்பதும் "கீறியா" என்பதும் யார் யாரிடம் சொல்லலாம் என்ற வரம்பு உடையவை. வயதில் மூத்தவரிடம், குடும்பத்துக்கு வெளியில் இருப்பவர் சொல்லத்தக்கவை அல்ல. நான் தொனிக்கென்று ஒரு கட்டம் போட்டிருந்தும் அதை என் நாவுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவரை "ஐயா" என்றே அழைத்தேன். அவரும் அதன் பிறகு என்னிடம் தயக்கமின்றிப் பேசினார். சொற்களைக் கேட்கவும் எழுதவும் எனக்கு இசைவு தந்தார்கள். அவற்றைப் பேசவும் தந்துவிட்டதாக நானே எடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு செய்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். பதிவுக்கு முன் இசைவு கேட்பது மட்டும் போதாது. பதிவானதை மறுபடி கேட்க வைத்து, நீக்க வேண்டியதை நீக்கும் உரிமையையும் அவர்களுக்குத் தர வேண்டும். வசைச்சொற்களை யார் யாரைச் சொன்னார்கள் என்ற விவரத்தோடு வெளியிடக் கூடாது. தெருவில் பகை மூளும். எழுத்தாக்கும்போது ஒலியை உள்ளபடி எழுத வேண்டும். "துன்னேன்" என்பதைத் "தின்றேன்" என்று திருத்தினால் பிற்காலத்தில் அந்தப் பதிவால் பயன் இல்லை. அதே நேரத்தில், வலப்பக்கத்துப் பொருளில் அவர்களுடைய மதிப்பு குறையாத நடையைப் பயன்படுத்த வேண்டும். ஒரே சொல்லை மூவரிடம் கேட்டு மூன்று பொருள் வந்தால் மூன்றையும் எழுத வேண்டும். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது என் சொந்த விதி. காது களைத்த பிறகு நாம் எதிர்பார்ப்பதே காதில் விழும். மாமூல் பிழை நேர்ந்தது ஒன்பதாம் மணி நேரத்தில்.

நோட்டு இப்போது ஆறாம் தொகுதியில் இருக்கிறது. பெரியவர் காலமாகிவிட்டார். திருத்திய அவருடைய பக்கத்தில், இடப்பக்கம் "மாமூலா குட்த்துடுவோம்" என்றும் வலப்பக்கம் "ஊர் வழக்கப்படி கொடுத்துவிடுவோம்" என்றும் இருக்கிறது. அதன்கீழ் பங்கு யாருக்குப் போனது என்ற குறிப்பை அவர் பேத்தி தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அவள் இன்று பள்ளி ஆசிரியை. ஏதேனும் புதுச்சொல் காதில் விழுந்தால் கைப்பேசியில் குரல்செய்தியாக அனுப்புவாள். சென்ற வாரம் வந்தது, "அக்கா, எங்க ஆயா இன்னிக்கு வாத்தியார் ஊதுற விசில பிகிலுன்னாங்க, எழுதிக்குங்க" என்பது. முழு வாக்கியத்தையும் ஆயாவின் வயதையும் கேட்டு வாங்கி எழுதிவிட்டு, ஊதுகொம்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான பியூகிளைக் கடைசிக் கட்டத்தில் சேர்த்தேன். அந்தச் சொல்லை இன்னும் இருவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை இராயபுரம் போகிறேன்.